வீடு ஏலம் போன பின்பும் வரும் வரி: கடன்பட்ட குடும்பங்களும் நம் கடமையும்



நம் மதரஸாவின் மாலை வகுப்பில் ஓதிவந்த ஒரு பெண் பிள்ளை இரண்டு வாரங்களாக வரவில்லை. உடல்நலமில்லையோ என்று விசாரித்தபோது, அக்குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு உறவினர் ஒருவரின் மாடியில் குடியிருப்பதாகத் தெரியவந்தது. தந்தையின் துணி வியாபாரத்திற்காக வாங்கிய கடன் வளர்ந்து, அடமானத்தில் இருந்த வீட்டை வங்கி ஏலத்தில் விற்றுவிட்டது. ஜமாஅத்தில் சிலர் அறிந்திருந்தனர். ஆனால் எவரும் வாய் திறக்கவில்லை. அவர்களும் எவரிடமும் சொல்லவில்லை.

இது நடந்து ஓராண்டுக்கு மேல் கழிந்த பின், அப்பிள்ளையின் தாயார் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார். வருமான வரித் துறையிலிருந்து வந்த நோட்டீஸ் அது. அவர் பெயரில் இருந்த வீடு விற்கப்பட்டிருப்பதாகவும், அதில் கிடைத்த ஆதாயத்திற்கு ஏன் கணக்குக் காட்டவில்லை என்றும் அதில் கேட்கப்பட்டிருந்தது. "ஒரு ரூபாய்கூட என் கைக்கு வரவில்லையே உஸ்தாத், எந்த ஆதாயத்தைக் கேட்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். தவறுதலாக வந்த கடிதம் என்று எண்ணி அதைச் சில வாரங்கள் அலமாரியில் வைத்துவிட்டிருந்தார். பதில் அனுப்ப வேண்டிய நாளும் கடந்துவிட்டிருந்தது.

நாம் ஓதிய கிதாபுகளில் கடன், அடமானம், திவால் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பாடங்கள் உண்டு. ஆயினும் அக்கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. அக்கடிதத்தை ஓர் ஆடிட்டரிடம் எடுத்துச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன் பின் நாம் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறோம். வீடு போனதோடு சோதனை முடிந்துவிட்டது என்று எண்ணி ஒடுங்கிவிடும் குடும்பங்களைத்தான் இவ்வரி அதிகமாகத் தாக்குகிறது. அவர்கள் ஒடுங்கிப் போவதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

ஏலத்தைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது?

நம் பார்வையில் ஏலம் என்பது பறிமுதல். நாம் விற்கவில்லை, விலை பேசவில்லை, பணம் வாங்கவில்லை. வருமான வரிச் சட்டத்தின் பார்வை வேறு. உங்கள் சொத்து கைமாறியது. அதற்கு ஒரு விலை கிடைத்தது. அவ்விலையைக் கொண்டு உங்கள் கடன் அடைக்கப்பட்டது. ஆகவே அவ்விலை முழுவதையும் நீங்கள் பெற்றதாகவே சட்டம் கருதுகிறது. பணம் உங்கள் கைக்கு வந்து பின் வங்கிக்குச் சென்றாலும், நேரே வங்கிக்குச் சென்றாலும் சட்டத்திற்கு வேறுபாடு இல்லை.

உச்ச நீதிமன்றம் 1997 இலும், மீண்டும் 2001 இலும் இக்கேள்வியை ஆராய்ந்தது. உரிமையாளர் தாமே அடமானம் வைத்த சொத்து விற்கப்பட்டால், அடமானக் கடனுக்காகச் சென்ற தொகையை விற்பனை விலையிலிருந்து கழித்துக்கொள்ள இயலாது என்று தீர்ப்பளித்தது. 2001 ஆம் ஆண்டு வழக்கில் சொத்தை ஏலம் விட்டதே அரசுதான். கலால் துறைக்கு அடமானமாக வைக்கப்பட்டிருந்த சொத்து அது. அங்கும் இதே விதி கூறப்பட்டது.

1997 ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் ஒரு முக்கியமான வேறுபாடும் சொல்லப்பட்டுள்ளது. தந்தை அடமானம் வைத்துவிட்டு வஃபாத்தாகி, அந்த அடமானத்தோடு சொத்து வாரிசுகளுக்கு வந்திருந்தால், வாரிசு அடைக்கும் அக்கடன் தொகையைச் சொத்தை அடைவதற்கான செலவாகக் கணக்கில் சேர்க்கலாம். ஆகவே அடமானத்தில் கையொப்பமிட்டவர் யார், எந்த ஆண்டில் என்பது மிக முக்கியம். அடமானப் பத்திரத்தின் நகலை வீடு போன பின்பும் பாதுகாத்து வைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

ஒரு கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2005-06 ஆம் நிதியாண்டில் 8 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கினார். பிற்காலத்தில் அதை அடமானம் வைத்து வியாபாரத்திற்குக் கடன் பெற்றார். வியாபாரம் நொடித்தது. வட்டியும் அபராதமும் சேர்ந்து நிலுவை 52 லட்சம் ஆயிற்று. 2025-26 ஆம் நிதியாண்டில் வங்கி அவ்வீட்டை 48 லட்சத்திற்கு ஏலத்தில் விற்றது.

அவர் கைக்கு வந்தது ஒன்றுமில்லை. வங்கிக்கு இன்னும் 4 லட்சம் பாக்கி. ஆனால் வரிக் கணக்கில் 48 லட்சத்திற்கு விற்பனை நடந்திருக்கிறது. 8 லட்சத்தைக் கழித்தால் 40 லட்சம் மூலதன ஆதாயம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீடு என்பதால் இது நீண்டகால ஆதாயம். அதற்கு வரி 12.5 விழுக்காடு. அதாவது 5 லட்சம் ரூபாய்.

2024 ஜூலை 23 க்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்கள் இன்னொரு முறையிலும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டின்படி உயர்த்தி, மீதி ஆதாயத்திற்கு 20 விழுக்காடு கணக்கிடுவது அம்முறை. 2005-06 க்கான குறியீடு 117. 2025-26 க்கான குறியீடு 376. அதன்படி 8 லட்சம் ஏறக்குறைய 25 லட்சத்து 71 ஆயிரமாக உயரும். ஆதாயம் 22 லட்சத்து 29 ஆயிரமாகக் குறையும். வரி ஏறக்குறைய 4 லட்சத்து 46 ஆயிரம். இரண்டில் குறைவானதைச் செலுத்தினால் போதும். இரு முறையிலும் வரியின் மேல் 4 விழுக்காடு செஸ் உண்டு. அவருடைய பிற வருமானமே அடிப்படை விலக்கு வரம்பை நிரப்பிவிட்டது என்று வைத்தே இக்கணக்கைப் போட்டோம். வேறு வருமானம் இல்லாதவர் அவ்வரம்பில் மீதமுள்ள தொகையை இந்த ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஆக, வீட்டையும் இழந்து, வங்கிக்கு 4 லட்சம் பாக்கியும் வைத்திருக்கும் ஒருவர், அரசுக்கும் நான்கரை லட்சம் ரூபாய்க்கு மேல் கடன்பட்டவர் ஆகிறார். அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

இதை மறைக்கவும் இயலாது. 30 லட்சம் ரூபாயும் அதற்கு மேலுமான சொத்துப் பரிமாற்றங்களின் விவரம் வருமான வரித் துறைக்குச் சென்றுவிடுகிறது. விலை 50 லட்சத்தை எட்டினால், ஏலத்தில் எடுத்தவர் 1 விழுக்காடு வரியைப் பிடித்தம் செய்து, உங்கள் பான் எண்ணில் செலுத்த வேண்டும். உங்களுக்குத் தெரியாமலே உங்கள் பெயரில் ஒரு வரவு ஏறி நிற்கும்.

இன்னும் இரண்டு செய்திகள். வீட்டுக் கடனின் அசலைச் செலுத்தியதற்காக 80சி பிரிவில் வரிக்கழிவு பெற்றவர், வீட்டின் உடைமை கிடைத்த நிதியாண்டின் முடிவிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் அவ்வீடு கைமாறினால், முன்பு பெற்ற அக்கழிவுகள் அந்த ஆண்டின் வருமானமாகவே சேர்க்கப்படும். அடுத்தது, ஏல விலை அரசின் வழிகாட்டி மதிப்பைவிட மிகக் குறைவாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்ளத் துறை முற்படக்கூடும். அப்போது மதிப்பீட்டு அலுவலரின் மதிப்பீட்டைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இங்கே நாம் பின்பற்றியிருப்பது 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் எண்கள் வேறு.

பெண்கள் பெயரில் இருக்கும் வீடு

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பெண் மக்களுக்கு வீடு கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வேறு ஊர்களிலும் மனைவியின் பெயரில், உம்மாவின் பெயரில் வீடு எழுதுவது பரவலாக உள்ளது. பெண்ணுக்குப் பாதுகாப்பு என்ற நல்லெண்ணத்தில் செய்யப்படுவது அது.

ஆனால் ஆண்களின் வியாபாரத்திற்குக் கடன் தேவைப்படும்போது முதலில் நீட்டப்படுவது அந்தப் பத்திரம்தான். "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வீடு போகும்போது அவள் வீடு போகிறது; வரி வரும்போது அவள் பெயரில் வருகிறது. கடன் வாங்கியவர் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். மூலதன ஆதாயம் சொத்தின் உரிமையாளருக்கே உரியது என்பதால் நோட்டீஸ் அவள் முகவரியைத் தேடித்தான் வருகிறது.

மார்க்கம் பெண்ணின் சொத்தை அவளுக்கே உரியதாக ஆக்கியிருக்கிறது. அவள் மனமுவந்து கொடுத்தாலன்றிக் கணவன் அதைத் தொட உரிமை இல்லை. விளைவு இன்னதென்று அறியாமல் போடப்படும் கையெழுத்தை மனமுவந்த இசைவு என்று எப்படிச் சொல்வது? பத்திரத்தை அடமானம் வைக்கும் முன், வீடு போகக்கூடும், வீடு போன பின் வரியும் வரக்கூடும் என்று அவளிடம் சொல்வது ஆணின் பொறுப்பு. சொல்லாமல் வாங்கிய கையெழுத்துக்கு நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மஞ்சள் கடுதாசி காப்பாற்றுமா?

"ஐ.பி. கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று நம் ஊர்களில் சொல்வார்கள். மஞ்சள் கடுதாசி என்று நாம் அழைக்கும் திவால் மனு அது. சென்னை நகருக்கு 1909 ஆம் ஆண்டுச் சட்டமும், பிற மாவட்டங்களுக்கு 1920 ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு உள்ளன. 2016 ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்துள்ளது.

அடமானம் பெற்ற கடனாளரின் உரிமையை ஐ.பி. தடுப்பதில்லை. அடமானத்தில் உள்ள வீடு ஐ.பி. கொடுத்தாலும் போகும். நீதிமன்றம் ஒருவரைக் கடன்களிலிருந்து விடுவித்தாலும், 1920 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குச் செலுத்த வேண்டிய கடனிலிருந்து அந்த விடுதலை கிடைக்காது. வருமான வரி அவ்வகையைச் சேர்ந்தது. திவாலானவரின் பின்னாலும் அது நிற்கும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இங்கே சிலர் குறுக்கிட்டு, "வட்டிக்கு வாங்கினார், அனுபவிக்கிறார்" என்று சொல்லக்கூடும். வட்டி ஹராம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை எழுதியும் பேசியும் வருகிறோம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரவேண்டும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்று திருக்குர்ஆன் கட்டளையிடும் இடம் எது? பகரா அத்தியாயத்தின் 280 ஆம் வசனம். வட்டியைக் கடுமையாகக் கண்டிக்கும் வசனங்களை அடுத்து வருவது அது. வட்டியின் பேச்சு நடக்கும் இடத்திலேயே கடனாளியிடம் இரக்கம் காட்டச் சொல்கிறான் அல்லாஹ். நாமோ வட்டியைக் காரணம் காட்டி அந்த இரக்கத்தை மறுக்கிறோம்.

அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் வாங்கிய கனிகள் சேதமுற்று, அவருடைய கடன் பெருகிவிட்டது. அவருக்குத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் மக்களை ஏவினார்கள். மக்கள் கொடுத்தார்கள், கடன் முழுவதும் அடையவில்லை. கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் நபியவர்கள் கடன் கொடுத்தவர்களிடம் கூறினார்கள். கடன் அதோடு ரத்தாகிவிட்டது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் இதற்குப் பொருள் கொள்ளவில்லை. கையில் ஒன்றுமில்லாதவரை, வசதி வரும்வரை துரத்தக் கூடாது என்றே விளக்கினார்கள்.

இதில் ஊராருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர் ஏன் கடன்பட்டார் என்று சபையில் வைத்து விசாரிக்கவில்லை. முதலில் ஊரார் உதவ வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகே கடனாளர்களுக்கு எல்லை வகுக்கப்பட்டது.

திவாலானவரின் குடியிருப்பை விற்கலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் விற்கலாம். அவருக்கு வாடகைக் குடியிருப்பு போதும் என்றனர். ஹன்பலீ மத்ஹபில், அவருக்கு இன்றியமையாத வீட்டை விற்பதில்லை. அடமானமாக வைத்த பொருளில் அடமானம் பெற்றவருக்கே முன்னுரிமை என்பதால், வங்கி ஏலம் விடுவதையே அநீதி என்று நாம் சொல்ல வரவில்லை. வாங்கிய கடனை அடைக்க வேண்டும். ஆனால் திவாலானவரிடம் உடுத்திய உடையையும் குடும்பத்தின் அன்றைய உணவையும் விட்டுவைக்கச் சொன்னது நம் ஃபிக்ஹு. கைக்கு வராத பணத்திற்காக அவரிடம் இன்னொரு கடனை ஏற்றுவது அதன் உணர்வுக்கு மாறானது.

கடனிலிருந்து பாதுகாவல் தேடி நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் அதிகம் பிரார்த்தித்தார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்ற கருத்தில் விடையளித்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக புகாரீயில் பதிவாகியுள்ளது. கடன் மனிதனை ஒளியச் செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அலமாரியில் மடித்து வைக்கப்பட்ட அந்த நோட்டீஸும் அந்த ஒளிவின் ஒரு வகைதான்.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, காலம் கடத்தாதீர்கள். தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்துகிறது. பின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்புகிறது. அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாள்களுக்குள் வங்கி பதில் தர வேண்டும். உடைமையை எடுக்கும் நடவடிக்கை தொடங்கினால், 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் அது இயங்குகிறது. கடனை முழுவதும் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரையில்தான்.

இரண்டாவது, வீடு போவது உறுதி என்று தெரிந்தால், ஏலத்திற்கு முன் வங்கியின் எழுத்துப்பூர்வமான இசைவோடு நீங்களே விற்க முயலுங்கள். ஏலத்தில் கிடைப்பதைவிட நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு. வரி எவ்வளவு வரும் என்று முன்னரே கணக்கிட்டு, அத்தொகைக்கும் இடம் வைத்து வங்கியிடம் ஒரே தவணைத் தீர்வு பேசலாம். ஏலம் முடிந்த பின் அப்படிப் பேச வழியில்லை. நிலுவைக்கு மேல் விலை கிடைத்து ஏதேனும் மிஞ்சினால், அது உங்களுக்கு உரியது, கேட்டுப் பெறுங்கள். அதில் முதலில் வரிக்கு எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, தாள்களைக் காப்பாற்றுங்கள். வாங்கிய பத்திரம், முத்திரைக் கட்டண ரசீது, மாடி கட்டியதற்கான பில்கள், அடமானப் பத்திரம், விற்பனைச் சான்றின் நகல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். வாங்கிய செலவும் கட்டிய செலவும் நிரூபிக்கப்பட்டால் ஆதாயம் குறையும். வாரிசாக அல்லது அன்பளிப்பாக வந்த வீடு என்றால் முன்னிருந்த உரிமையாளர் வாங்கிய விலையே உங்கள் விலை. அது 2001 ஏப்ரல் 1 க்கு முந்தியது என்றால், அந்நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அந்நாளின் வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பாட்டனார் காலத்து வீடுகளுக்கு இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

நான்காவது, வருமானமே இல்லை என்றாலும் அந்த ஆண்டு வரிக் கணக்கை உரிய நாளுக்குள் தாக்கல் செய்யுங்கள். வீடு வாங்கிய விலைக்கும் கீழே போயிருந்தால் அது மூலதன இழப்பு. உரிய நாளுக்குள் தாக்கல் செய்தால் அவ்விழப்பை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். தாமதித்தால் அந்த உரிமை போய்விடும்.

ஐந்தாவது, நோட்டீஸ் வந்தால் மறைக்காதீர்கள். வரித் தொகை உறுதி செய்யப்பட்ட பின்னும் தவணை முறையில் செலுத்த அனுமதி கேட்கலாம். தாமதத்திற்கான வட்டியைக் கடும் சிரமத்தின் அடிப்படையில் குறைக்கவோ தள்ளவோ உயர் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நாம் ஒத்துழைத்தோம் என்று காட்ட வேண்டும். பதிலே அனுப்பாதவர் அதைக் காட்ட இயலாது. அந்தத் தாயாருக்கும் தாமதமாகவேனும் பதில் அனுப்பப்பட்டது. பழைய கட்டட பில்கள் கிடைத்ததால் ஆதாயம் ஓரளவு குறைந்தது. மீதித் தொகையைத் தவணையில் செலுத்தி வருகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

ஜமாஅத்தின் கடமை

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளிகளும் அடங்குவர் என்பது தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம். நம் பைத்துல்மால்களில் ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் பங்கு ஒதுக்குகிறோம். கடனாளிகளின் பங்கு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. நேற்றுவரை ஸகாத் கொடுத்துக்கொண்டிருந்தவர் இன்று கடனாளியாகி நிற்கலாம். அவர் வரிசையில் வந்து நிற்கமாட்டார். நாம்தான் அவரைத் தேடிச் செல்ல வேண்டும்.

வீடு போன பின் வந்த வரியும் அவர் தலையில் நிற்கும் கடன் என்பதே நம் கருத்து. அடைக்க வழியில்லாதவருக்கு அப்பங்கிலிருந்து உதவுவதைப் பற்றி ஊர் நிர்வாகம் தம் முஃப்தியிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். மார்க்கத்திற்கு மாறான காரியத்தில் கடன்பட்டவர் தவ்பா செய்திருந்தால் அவருக்குக் கொடுக்கலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்றமான கருத்து. ஆகவே "வட்டிக்காரர்" என்று சொல்லிக் கதவை மூடுவதற்கு இங்கே இடமில்லை.

பணம் கொடுக்க இயலாத ஜமாஅத்தும் இன்னொன்றைச் செய்யலாம். ஊரில் ஆடிட்டர்களும் வழக்கறிஞர்களும் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒருநாள் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலின் ஓர் அறையில் அவர்கள் அமரட்டும். பெண்கள் வந்து கேட்பதற்குத் தனி நேரமும் ஒதுக்கப்படட்டும். கடன் நோட்டீஸ், வரி நோட்டீஸ் எதுவாயினும் கொண்டுவந்து காட்டலாம், சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையை ஊருக்கு அளிக்கட்டும். அந்தத் தாயாருக்கு அப்படி ஓர் அறை இருந்திருந்தால் நோட்டீஸ் அலமாரிக்குப் போயிருக்காது.

சட்டமும் மாறலாம்

சட்டத்தைக் குறித்தும் ஒரு சொல். தாமே விரும்பி விற்று ஆதாயம் பெற்றவருக்குச் சட்டம் வழிகள் தந்திருக்கிறது. குறிப்பிட்ட காலத்திற்குள் வேறு வீடு வாங்கினாலோ, 6 மாதங்களுக்குள் குறித்த பத்திரங்களில் 50 லட்சம் ரூபாய் வரை முதலீடு செய்தாலோ வரிவிலக்குப் பெறலாம். கையில் பணம் உள்ளவர் இவ்வழிகளைப் பயன்படுத்துகிறார். எல்லாம் வங்கிக்குப் போன பின் வெறுங்கையோடு நிற்பவருக்கு இவ்வழிகளால் பயனில்லை. குடியிருந்த ஒரே வீடு கடனுக்காக ஏலம் போகும்போது, கடன் அடைந்த பின் உரிமையாளர் கைக்கு வந்த தொகைக்கு மட்டுமே வரி என்று நாடாளுமன்றம் ஒரு விதியைச் சேர்க்கலாம். வேண்டுமென்றே கடன் வாங்கி ஏமாற்றுவோருக்கு அது வழியாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. குடியிருந்த ஒரே வீடு, ஒரு குறிப்பிட்ட தொகைக்குள் என்று வரம்பு வைத்தால் அந்த அச்சத்திற்கு இடமிராது. இது முஸ்லிம்களின் கோரிக்கை மட்டுமன்று. கடனில் வீடிழக்கும் எல்லாச் சமயத்துக் குடும்பங்களுக்கும் உரியது.

சட்டம் மாறும்வரை அதன்படி செலுத்த வேண்டியதைச் செலுத்துவதே நம் கடமை. பினாமி, பொய்ப் பத்திரம், பழைய தேதியிட்ட தாள் என்று யோசனை சொல்பவர்களின் பக்கம் செல்லாதீர்கள். வீட்டை இழந்தவரிடம் எஞ்சியிருப்பது அவருடைய நேர்மை. அதையும் இழந்துவிடக் கூடாது.

அந்தப் பிள்ளை இப்போது மீண்டும் மாலை வகுப்புக்கு வருகிறாள். வகுப்புத் தோழிகள் அவளிடம் புது வீட்டைப் பற்றிக் கேட்கும்போது சற்றுத் தயங்குகிறாள். தயங்க வேண்டியது அவளல்ல, இத்தனை நாள் விசாரிக்காமல் இருந்த நாம்தான்.

கடனின் சுமையிலிருந்தும், கடனாளியை இழிவாகப் பார்க்கும் கல்நெஞ்சத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக. வீட்டை இழந்த குடும்பங்களுக்கு அதைவிடச் சிறந்ததை ஹலாலான வழியில் தந்தருள்வானாக. ஆமீன்.